ஏழாம் நம்பர் ஈரல்

வெளிச்சப் பெட்டியின் மேல் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. இரண்டும் ஒரே மனிதரின் ஈரல் என்று ஓரத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்பது வரை ஆந்தையாருக்குத் தெரியும். எது என்று சொல்வதற்குத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆந்தையார் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயரல்ல. வட்டக் கண்ணாடி போட்டிருப்பார். யாராவது கூப்பிட்டால் உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்புவார். இன்சூரன்ஸ் கம்பெனியில் செத்தவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று விசாரிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது தையல் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறிகிறார். கூட இருப்பவள் மிளகாய். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தாள். வக்கீலைவிட அதிகமாகப் பேசியதால் அந்த வேலை நிலைக்கவில்லை. ஆந்தையார் பேசுவதே அபூர்வம் என்பதால் இங்கே பிழைத்துக்கொண்டிருக்கிறாள்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த மாடி அறைக்கு ஓர் ஆள் வந்திருந்தார். துறைமுக யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். கிரீஸ் படிந்த சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெயரைக் கேட்டதற்கு, யார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, ஓட்டுகிற வண்டியின் நம்பர்தான் பெயர் என்றார். "அண்ணன் ஏழு சார். நான் பன்னெண்டு."

அண்ணனுக்கு வயிற்றில் வலி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால், ஈரலில் புற்றுநோய், உடனே அறுக்க வேண்டும் என்கிறார்கள். போன வருடம் யார்டுக்கு வந்த ஸ்கேன் வண்டியோ அதே ஈரலில் வெறும் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அண்ணன் பழைய படத்தைத்தான் நம்புகிறார், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று பன்னிரண்டு சொன்னார். பழைய படத்தை எடுத்து நீட்டினார். "இதுல எங்கயோ தப்பு இருக்கு. நீங்களே கண்டுபிடிச்சு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

அதனால்தான் ஆந்தையார் காலையிலேயே சர்ஜனின் அறையில் நின்றுகொண்டிருந்தார்.

சர்ஜன் அவசரக்காரர். ஆனாலும் படம் காட்டச் சொன்னால் அவசரம் குறைந்துவிடுகிற ஜாதி. முதலில் பழைய படத்தைத் தொட்டுக் காட்டினார். உருண்டையாக, உள்ளே முழுக்கக் கறுப்பாக ஒரு வட்டம். ஓரம் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல மெலிதாக இருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர், ஒலி தடையில்லாமல் தாண்டிப் போவதால்தான் பின்பக்கம் வெளுத்திருக்கிறது என்று விளக்கினார். சாதாரண நீர்க்கட்டி. எத்தனையோ பேருக்கு இருக்கும், பலருக்குச் சாகும்வரை இருப்பதே தெரியாது.

புதிய படம் வேறு கதை. கட்டி கறுப்பாக இல்லை, உள்ளே சதை. ரத்தத்தில் சாயம் ஏற்றி எடுத்திருந்தார்கள். நீர்க்கட்டி சாயத்தைத் தொடவே தொடாது. இந்தக் கட்டியோ ஈரலின் மற்ற பகுதிகளுக்கு முன்னால் சாயத்தைக் குடித்துப் பளிச்சென்று ஆகி, மற்றவை பளிச்சிடும் நேரத்தில் மங்கிவிட்டது.

"பந்திக்கு முந்துற ஆளு," என்றாள் மிளகாய்.

சர்ஜன் சிரிக்கவில்லை. சுற்றியிருக்கும் ஈரலும் காய்ப்புக் காய்த்துக் கரடுமுரடாகிவிட்டது, ரத்தத்தில் பல வருடமாகக் காமாலைக் கிருமி குடியிருக்கிறது, இனி ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை என்றார். நீர்க்கட்டிதான் பழுத்து இப்படி ஆகியிருக்குமோ என்று மிளகாய் கேட்டாள். இந்த மாதிரி நீர்க்கட்டி இதுவாக மாறாது; போதாக்குறைக்குப் புதிய படத்தில் அந்த நீர்க்கட்டியையே காணோம் என்றார் சர்ஜன்.

"ஒருவேளை வீடு காலி பண்ணிட்டுப் போயிடுச்சோ?"

"கட்டிக்குக் கால் கிடையாதும்மா," என்றார் சர்ஜன். பிறகு ஆந்தையாரிடம் திரும்பினார். "எந்தப் படம் எப்படி மாறுச்சுங்கறது உங்க வேலை. என் வேலை இதோ, இந்த ரத்தக்குழாய். கட்டி இதுக்குப் பக்கத்துல வந்து நிக்குது. உள்ள நுழையாத வரைக்கும் நான் அறுத்து எடுக்கலாம். நுழைஞ்சிட்டா கத்தியால பிரயோஜனம் இல்லை."

ராத்திரி வலி கூடியிருப்பதால் மத்தியானம் இன்னொரு ஸ்கேன் எடுக்கப் போவதாகவும் சொன்னார். கிளம்பும்போது ஆந்தையார் பழைய படத்தில் கீழே பேரிக்காய் வடிவில் தெரிந்த இன்னொரு கறுப்பைக் காட்டி, இது என்ன கட்டி என்று கேட்டார். அது கட்டியில்லை, பித்தப்பை, எல்லாருக்கும் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டு சர்ஜன் ஆபரேஷன் அறைக்கு ஓடினார்.

ஏழு ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்த உடம்பு. தோள் எலும்பு மட்டும் இப்போது அதற்குச் சாட்சி. கண் மஞ்சள் பூத்திருந்தது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும், தம்பிக்கு எப்போதும் பயம், நிழலைப் பார்த்தாலே பேய் என்பான் என்று கிண்டல் செய்தார். கட்டில் தலைமாட்டில் நின்ற மனைவி, தனக்கும் பெண்ணுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வந்த நர்ஸை இவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று முறையிட்டார்.

"எனக்கிருக்கிறது தண்ணிக்கட்டி. அதுக்கு எம்பொண்ணை எதுக்குக் குத்தணும்?" என்றார் ஏழு.

மனைவி ஈரத்துணியால் அவர் உடம்பைத் துடைக்க ஆரம்பித்தார். சட்டை விலகியபோது வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு நீளத் தழும்பு தெரிந்தது. ஆந்தையாரின் கழுத்து திரும்பியது. அது பழைய ஆபரேஷன் என்று மனைவி சொன்னார். பெண் வயிற்றில் இருந்த வருடம், பித்தப்பையில் கல் என்று பையையே எடுத்துவிட்டார்கள். கல்லைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள், அதைப் பார்த்துத் தனக்கு மசக்கை இரட்டிப்பானது என்றார்.

ஆந்தையார் மிளகாயை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"வெட்டி எடுத்த பித்தப்பை திரும்ப முளைக்குமா மிளகா?"

"முடி முளைக்கும். நகம் முளைக்கும். பல்லுகூட ஒரு தடவைதான் சார்." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "பழைய படத்துல பித்தப்பை இருந்துச்சே."

"இருந்துச்சு. அப்போ அது அவர் வயிறு இல்லை."

உள்ளே போய் ஆந்தையார் அதை அப்படியே சொன்னார். ஏழு கூரையைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். மெஷினில் ஏதோ நிழல் விழுந்திருக்கும், ஆஸ்பத்திரிக்காரன் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறீர்கள் என்றார். தன் பெயர் அச்சிட்ட படம் தன்னுடையது இல்லையென்றால் வேறு யாருடையது? "அது யாருதுன்னு ஆளைக் கொண்டாந்து நிறுத்துங்க. கையெழுத்துப் போடறேன்."

வீம்புக்காரர்தான். ஆனால் கேட்டது நியாயமான கேள்வி என்றே ஆந்தையாருக்குப் பட்டது.

படியிறங்கும்போது மிளகாய், ஊர் முழுக்க நீர்க்கட்டிக்காரர்கள் இருப்பார்கள், யாரைப் போய்த் தேடுவது என்று அலுத்துக்கொண்டாள். நீர்க்கட்டிக்காரனைத் தேட வேண்டாம் என்றார் ஆந்தையார்.

"பந்தல் வாசல்ல செருப்பு மாறினா, ஒருத்தன் மட்டும் அடுத்தவன் செருப்போட போக முடியாது. இவர் செருப்பு இன்னொருத்தன் கால்ல இருக்கணும். போன வருஷம் அந்த யார்டுல எவனுக்கோ, உன் ஈரல் சரியில்லைன்னு சீட்டு வந்திருக்கு. அவனைத் தேடுவோம்."

அந்த ஸ்கேன் வண்டி இப்போது ஓடவில்லை. அதில் வேலை பார்த்த அம்மாள் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் சின்னதாக ஸ்கேன் அறை போட்டிருந்தார். பச்சைத் திரை, ஒரு கட்டில், சுவரோரம் காகிதச் சுருள்கள். துப்பறிகிறவர்கள் என்றதும் முகம் இறுகியது. தன் படத்தில் தப்பு வராது, வேண்டுமானால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். படம் சரி, ஆள்தான் தப்பு என்று ஆந்தையார் சமாதானமாகச் சொல்லி, யார்டில் ஆட்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார்.

அங்கே வேலையை நிறுத்த விடமாட்டார்கள் என்றார் அம்மாள். ஒலிபெருக்கியில் கிரேன் நம்பரைச் சொல்லுவார்கள். அந்த வண்டியிலிருந்து ஒருவர் ஹெல்மெட்டோடு இறங்கி வருவார், படுப்பார், ஓடுவார். படத்தில் நம்பரைத்தான் போடுவது. பெயரை யார்டு ஆபீஸ்தான் பிறகு சேர்க்கும். எந்த வண்டியில் யார் என்று அவர்களிடம்தானே இருக்கிறது.

"அன்னிக்கு யாருக்காவது ஈரல் மோசமா இருந்துச்சா?" என்று கேட்டார் ஆந்தையார்.

அம்மாள் யோசிக்கவே இல்லை. இருந்தது, ஒரே ஒருவருக்கு. ஈரல் கரடுமுரடாக, அதில் ஒரு சின்னப் புள்ளி. உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதியதோடு நிற்காமல், ஆபீஸுக்குப் போனும் செய்திருக்கிறார். அந்த முகம் ஞாபகமில்லை, நம்பர் மறக்கவில்லை.

"பன்னெண்டு. அந்த ஆள் இப்போ உயிரோட இருக்காரா?"

மிளகாய்க்கு வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளோடு வேலை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து ஆந்தையார் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

"இருக்கார்ம்மா," என்றார் ஆந்தையார். "நேத்து எங்க ரூம்ல உக்காந்து டீ குடிச்சார்."

யார்டு வெயிலில் கொதித்தது. இரும்புப் பெட்டிகளை அடுக்கிய சந்துகளுக்கு நடுவே, கேன்டீன் பின்பக்கத்தில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு, அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கவில்லை. அதுவே போதும் என்று மிளகாய் நினைத்தாள்.

"ஸ்கேன் வண்டி வந்த அன்னிக்கு நீங்க எந்தக் கிரேன்ல இருந்தீங்க தம்பி?" என்று கேட்டார் ஆந்தையார்.

பன்னிரண்டு ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். "ஏழுல," என்றார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். அண்ணனுக்கு இடுப்பு வலி. ஏழாம் நம்பரின் சீட் பழசு, உட்கார்ந்தால் முதுகு விட்டுப் போகும். பன்னிரண்டில் புதுச் சீட் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் நீங்க என் வண்டியில் உட்காருங்கண்ணே என்று தம்பிதான் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. வண்டி மாறி உட்கார்ந்தவனால் ஒரு விபத்து நடந்ததிலிருந்து, அப்படிச் செய்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்பது யார்டு சட்டம். ஒலிபெருக்கியில் ஏழு என்றதும் இவர் இறங்கினார். பன்னிரண்டு என்றதும் அண்ணன் இறங்கினார்.

"மோசமான ஸ்கேன் சீட்டு உங்க பேருக்கு வந்துச்சு. அப்புறம்?"

அப்புறம் அடுத்த ஊருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் போய், பஸ்ஸில் அழுதுகொண்டே போனாராம். அந்த டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஈரல் பச்சைக்குழந்தை ஈரல் மாதிரி இருக்கிறது, ஒரு நீர்க்கட்டி மட்டும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு வேலையைப் பார் என்றார்.

"அங்க படி இறங்கும்போதே எனக்குப் புரிஞ்சிடுச்சு சார், அந்தச் சீட்டு யாருதுன்னு." பன்னிரண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அன்னிக்கு எனக்கு சந்தோஷம். சாகமாட்டேன்னு சந்தோஷம். அந்த மூஞ்சியோட போய், அது உங்களுக்குண்ணேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் ஆனா, நேத்தே ஏன் சொல்லலைன்னு கேப்பாரு. அதுக்கு மறுநாள் ஆனா இன்னும் மோசம். அண்ணன் நல்லாத்தானே சாப்பிட்டுச் சிரிச்சிட்டு இருந்தாரு."

"எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" மிளகாயின் குரல் உயர்ந்தது. "நீங்க வாயைத் திறந்தா முடியற வேலைக்கு?"

"நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா, ஸ்கேன்காரங்க பண்ணின தப்புன்னு போயிடும். நான் சொன்னதா ஆகாது."

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது மிளகாய்க்கு. அந்த முகத்தைப் பார்த்தால் அடிக்கவும் கை வராது. ஆந்தையார் கோபப்படவில்லை, கோபப்பட்டாலும் அவரிடம் வெளியே தெரியாது. இந்த வேலைக்குக் கூலி வேண்டாம், ஆனால் வேலையின் கடைசிப் பகுதியைத் தான் செய்ய மாட்டேன் என்றார். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார் உங்கள் அண்ணன். நின்று சொல்ல வேண்டியது நீங்கள்.

மூவரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சர்ஜன் வராந்தாவிலேயே நின்றிருந்தார். கையில் மத்தியானம் எடுத்த படம். அவர் அதை வெளிச்சப் பெட்டிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை.

"நுழைஞ்சிடுச்சு," என்றார்.

இனி கத்தி இல்லை. மாத்திரை கொடுக்கலாம், வலியைக் குறைக்கலாம், கொஞ்ச காலத்தை இழுத்துப் பிடிக்கலாம். போன வருடம் அந்தப் புள்ளியைப் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தவர், பன்னிரண்டின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தம்பி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மிளகாய் ஆந்தையாரைத் தள்ளி அழைத்துப்போனாள். கிண்டல் எல்லாம் அவளை விட்டுப் போயிருந்தது. "இனிமே எதுக்கு சார் சொல்லணும்? அந்த மனுஷன் தண்ணிக்கட்டின்னே நினைச்சிட்டுப் போகட்டும். தம்பி பண்ணினது தெரியாமலாவது போகட்டும்."

ஆந்தையாருக்கும் அந்த ஆசை இருந்தது. இன்சூரன்ஸ் வேலையில் எத்தனையோ உண்மைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார். ஒன்றாவது புதைத்த இடத்திலேயே கிடந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் மிளகாய் சொன்னதைச் சர்ஜன் கேட்டுவிட்டார். ஒரு வீட்டில் ஒருவருக்கு அந்தக் காமாலைக் கிருமி இருந்தால் மனைவிக்கும் பிள்ளைக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் பார்த்தே தீர வேண்டும் என்றார். இருந்தால் இப்போதே மருந்து ஆரம்பிக்கலாம், இல்லையென்றால் தடுப்பூசி போடலாம். தனக்குத் தண்ணிக்கட்டி என்று ஏழு நம்பும்வரை அந்தப் பெண்ணின் கையில் ஊசி குத்த விடமாட்டார். அவர் பேச்சைத் தாண்டி அந்த வீட்டில் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள்.

தரையில் இருந்த பன்னிரண்டு இதைக் கேட்டார். சுவரைப் பிடித்து எழுந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

ஏழு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஆந்தையாரும் மிளகாயும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"அண்ணே, அந்தப் படம் என்னுது," என்றார் தம்பி. "இடுப்பு வலின்னு என் சீட்ல உக்காந்தீங்களே, அன்னிக்கு. ஏழுன்னு கூப்பிட்டாங்க, நான் போய்ப் படுத்தேன். பேரு உங்க பேரு விழுந்திடுச்சு."

மனைவியின் கை நின்றது. ஏழு மெல்லத் திரும்பிப் படுத்தார். தம்பியை வெகுநேரம் பார்த்தார். புது சீட், இடுப்பு வலி, ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வருவது அந்த மஞ்சள் கண்ணில் தெரிந்தது. அப்படியானால் தன் வயிற்றில் இருப்பது எது என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ அந்தக் கட்டி உனக்காடா?"

தம்பி தலையாட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

"இதையெல்லாம் அலட்சியமா விடக்கூடாதுடா. என்னைப் பாரு. டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டிட்டேண்ணே. ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாங்க."

ஏழு நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு அந்த மூச்சு பாதியில் நின்றது.

"எப்போ காட்டினே?"

தம்பி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிளகாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆந்தையார் திருப்பிக்கொள்ளவில்லை, அது அவருடைய தொழில்.

"போன வருஷம்ண்ணே."

ஏழு கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ தள்ளுவண்டியில் சாப்பாட்டுத் தட்டுகளை உருட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் கண்ணைத் திறக்காமலே அவர் மனைவியிடம் பேசினார்.

"நீயும் பொண்ணும் போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இவனையும் கூட்டிட்டுப் போ. தனியா போகமாட்டான், பயந்தாங்கொள்ளி."